கஃபார் முதலாளியின் ஜப்பான் வண்டி

எண்பத்தாறாம் வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் பொன்மலரின் தையல் மிஷின் எண்ணெய் காணாமல் போயிற்று. அதற்கு முந்தைய வாரம் இஞ்ச் டேப் போயிருந்தது. அதற்கும் முன்னால் நாலு ஷேவிங் பிளேடு. எல்லாம் எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியும். வாசலில் இறங்கிப் பார்த்தால் போதும். அவள் புருஷன் ஜெயகரன் சந்தின் நடுவில் குந்தியிருந்தான். அவன் முன்னால் ஒரு முழ நீளச் சிவப்புக் கார் சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

"எண்ண எங்க?"

"இதுல ஊத்திட்டேன்."

"எதுல?"

"ஷாக் அப்சார்பர்ல. மிஷின் எண்ண மட்டும் ஊத்துனா தண்ணியாட்டம் இருக்குது, வண்டி துள்ளுது. கூடக் கொஞ்சம் வெளக்கெண்ண கலந்துட்டேன். இப்ப பாரு."

அவன் வண்டியை நிமிர்த்தி வைத்து முதுகில் ஒரு விரலால் அமுக்கினான். அது மெதுவாக அமுங்கி, மெதுவாக எழுந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நேத்து நாலாவது பாடம் படிச்சீங்களா?" என்றாள் பொன்மலர்.

அவன் வண்டியை மறுபடி கவிழ்த்தான்.

ஜெயகரன் ஆம்பூரில் அப்துல் கஃபாருடைய தோல் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பதினாலு வருட சர்வீஸ். மோட்டார் ரிப்பேர், ஸ்டார்ட்டர் ரிப்பேர், தோல் சுற்றும் மரப் பீப்பாய்களுக்கு பெல்ட் மாட்டுவது, கூடவே முதலாளி வீட்டு மிக்ஸி, ஃபேன், டெலிவிஷன் ஏரியல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிற வேலை. அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த கோதண்டபாணி ஜூன் மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். அந்த இடத்துக்கு சர்க்கார் சர்டிபிகேட் உள்ள ஆள்தான் வர முடியும். அதற்கான பரீட்சை மெட்ராஸில் நடக்கும். எழுத்துப் பரீட்சை கிடையாது. மூன்று ஆபீசர்கள் உட்கார்ந்து வாயால் கேட்பார்கள், வாயால் பதில் சொல்ல வேண்டும். போன வருடம் ஜெயகரன் போய்வந்தான்; தேறவில்லை. இந்த வருடம் மே பத்தொன்பது, திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு வரச்சொல்லிக் கார்டு வந்திருந்தது. பொன்மலர் அதைச் சுவரில் இயேசு படத்துக்குக் கீழே ஆணியில் குத்தி வைத்திருந்தாள்.

அவளும் வேலைக்குப் போகிறவள்தான். எதிர்ச்சாரியில் இருந்த, ஷூவின் மேல்பாகம் தைக்கிற அப்பர் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி கையில் வாங்கி, தையல் விட்டதா, தோலில் உண்ணி கடித்த வடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். காலை நாலரைக்குக் குழாயடி. தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும். கைப்பம்பில் வருவது டீ நிறத்தில் இருக்கும். துணி கழுவக்கூட ஆகாது. அத்தனைக்கும் நடுவில், அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டே அவள் அந்த பாய்லர் புத்தகத்தைக் கையில் வைத்துக் கேள்வி கேட்பாள்.

"சேஃப்டி வால்வு எத்தினி இருக்கணும்?"

"ரெண்டு."

"ஸ்டீம் பிரஷர் கேஜ்ல செவப்புக் கோடு எதுக்கு?"

"அதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு."

"வாட்டர் கேஜ்ல தண்ணி மட்டமே தெரியல. இன்னா பண்ணுவீங்க?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் எழுந்து போய்விடுவான். பல் துலக்க, முகம் கழுவ, செருப்பைத் தேட. ஏதாவது ஒரு வேலை அவனுக்கு வந்துவிடும்.

ஏப்ரல் மாதத்தில்தான் அந்த வண்டி வந்து சேர்ந்தது. கஃபார் முதலாளி தோல் வியாபார விஷயமாக சிங்கப்பூர் போனபோது வாங்கி வந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, ஐந்து வேளைத் தொழுகை. தொழிலாளி யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் சிங்கப்பூரில் ஒரு கடை வாசலில், யாரோ கையில் பெட்டியை வைத்துக்கொண்டு கம்பி ஒன்றும் இல்லாமல் கார் ஓட்டுவதைப் பார்த்து, முக்கால் மணி நேரம் நின்றுவிட்டாராம். கூடப் போயிருந்த வாணியம்பாடி நிசார் அஹமதும் நின்றார். நிசார் அஹமது அவருக்குச் சம்பந்தி. பெண்ணைக் கொடுத்து வாங்கியவர்கள் என்றாலும் தோல் விலையிலிருந்து பிரியாணியில் போடும் அரிசி வரைக்கும் எல்லாவற்றிலும் போட்டி. ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே பந்தயம் என்று முடிவாகிவிட்டது.

வாங்கி வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இல்லை. இருநூறு சாமான்கள் இருந்தன. பற்சக்கரம், ஸ்பிரிங், ஸ்க்ரூ, பிளாஸ்டிக் கை, ஜப்பான் எழுத்தில் ஒரு புத்தகம். முதலாளி பெட்டியை மூடி ஜெயகரனிடம் கொடுத்தார்.

"ஜெயகரா, இத ஓட்டுற மாதிரி பண்ணு. ஜாஸ்தி நாள் ஆக்காத."

படத்தைப் பார்த்து அவன் ஒன்பது நாளில் கோத்தான். கோத்ததோடு விட்டிருந்தால் பொன்மலருக்கு ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் உப்பும் சுண்ணாம்பும் காற்றிலேயே இருக்கும், பேரிங் துருப்பிடித்துவிடும் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து வீட்டின் ஒரே பிளக் பாயிண்ட்டில் அதன் பேட்டரிதான். நாள் பூரா சார்ஜ் ஏறினால் பத்து நிமிடம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. கரண்ட் போகும்போதெல்லாம் அவன் உச்சுக் கொட்டுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

"இந்த டயரு மண்ணுல ஓடறதுக்குச் செஞ்சது மலரு. பந்தயம் நடக்கப்போற நம்ம தோலு காயப்போடுற களம் சிமெண்டு. முள்ளு முள்ளா இருந்தா வழுக்கும். அதான் பிளேடுல சீவிட்டேன்."

"சரி."

"முன் சக்கரம் ரெண்டும் ஒரு நூலு உள்ளாற பாக்கணும். அப்பதான் நேராப் போவும். இஞ்ச் டேப்பு அதுக்குத்தான்."

"சரிங்க."

"மொதலாளி விரலு கனம். பிடிச்சாருன்னா முழுசாத்தான் பிடிக்கறாரு. அதுக்கு மோட்டார்ல சின்னப் பல்சக்கரம் போட்டா வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் வளைவுல எழுந்து வரும்."

"எனக்குப் புரியுது. பாய்லருக்குத் தண்ணி ஏத்தற ஃபீட் பம்பு எத்தினி இருக்கணும்?"

அவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குப் போய்விட்டான்.

பந்தயம் முதலில் பதினேழாம் தேதி சனிக்கிழமை என்றுதான் பேச்சு. அந்த வார ஆரம்பத்தில் குழாயடியில் வேறு சேதி வந்தது. பந்தயத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை காலையாம். சொன்ன சௌந்தரம் கஃபார் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறவள். அவளுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை.

பொன்மலர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"திங்கக்கெழமையாமே?"

"ஆமா," என்றான் ஜெயகரன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "மொதலாளி சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது?"

"பரீட்ச திங்கக்கெழமன்னு சொன்னீங்களா?"

"அவரு மூஞ்சிக்கு நேரா எப்டிச் சொல்றது மலரு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமா? கோதண்டபாணி போற எடத்துக்கு ராணிப்பேட்டையில இருந்து ஒருத்தன இட்டுக்கினு வந்து குந்த வெச்சிடுவாங்க. அவன் இருவது வருஷம் எந்திரிக்க மாட்டான். நீங்க சாவுற வரைக்கும் அவங்க வூட்டு மிக்ஸிய ரிப்பேர் பண்ணிக்கினு இருப்பீங்க."

"நேரமாவுது," என்று அவன் கிளம்பிவிட்டான்.

அன்று அவள் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் கேட்டாள். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். மத்தியான வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தாள். ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வழி நெடுக அவள் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அழக் கூடாது, சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

முதலாளியின் சம்சாரம் அக்தரி பேகம்தான் கதவைத் திறந்தாள். உள்ளே உட்காரச்சொல்லி, ஒரு பெரிய கிளாசில் ரோஸ் சர்பத்தும் கொண்டுவந்தாள்.

"வண்டி விஷயமா?" என்றாள் அக்தரி பேகம். "எனக்கும் பேஜாராப் போச்சும்மா. சாப்பிடறப்பகூட அந்தப் பொட்டி கையில. தூங்கறப்ப தலகாணிப் பக்கத்துல. இவருக்கு இன்னா வயசுன்னு நீயே சொல்லு."

கஃபார் முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். பொன்மலர் எழுந்து நின்றாள். சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மொதலாளி, எங்க வூட்டுக்காரரு பதினாலு வருஷமா ஒங்களாண்ட ஒழைக்கறாரு. திங்கக்கெழம அவருக்கு மெட்ராஸ்ல பரீட்ச. பாய்லர் பரீட்ச. வருஷத்துக்கு ஒருவாட்டிதான். ஒங்க வெளையாட்டுக்கு வேற நாளே கெடைக்கலியா? சனிக்கெழமன்னுதான சொன்னீங்க? ஏழைங்க பொழப்புன்னா அவ்ளோ எளக்காரமா?"

அக்தரி பேகம் கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. முதலாளி கோபப்படவில்லை. அவருக்கு ஒன்றும் புரியாததுபோல் முகத்தைச் சுருக்கினார்.

"நானா? நான் எங்கம்மா மாத்துனேன்? சனிக்கெழமைக்கு நிசார் பாய்கிட்ட சொல்லி, பிரியாணிக்குக்கூட ஆள் சொல்லியாச்சு. ஒன் வூட்டுக்காரன்தான் வந்தான். வண்டி இன்னும் தயாராவல, ரெண்டு நாள் தாங்க, திங்கக்கெழம வெச்சுக்கலாம்னு அவன்தான் கேட்டான்."

"அவரா?"

"அவன்தாம்மா. பரீட்சன்னு ஒரு வார்த்த சொல்லலியே."

பொன்மலருக்குக் காதில் ரத்தம் ஏறியது. சர்பத் கிளாஸ் நீண்டது, வாங்கிக் குடித்தாள். ருசி தெரியவில்லை. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வண்டி தயாராயிடுச்சு மொதலாளி. நாலு நாளா எங்க சந்துல கோடு போட்டாப்புல ஓடுது. நான் கண்ணால பாக்கறேன். நீங்க சனிக்கெழமையே வெச்சுக்கோங்க."

"நெசமா?"

"வெச்சுக்கோங்க."

சாயந்தரம் ஜெயகரன் வீட்டுக்கு வந்தபோது அவள் கருவாட்டுக் குழம்பு கொதிக்க அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன் அப்டிப் பண்ணீங்க?"

முதலாளி கூப்பிட்டு, பந்தயம் சனிக்கிழமையே என்று சொன்னபோதே அவனுக்கு விஷயம் விளங்கியிருந்தது. சட்டையைக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"நான் ரெண்டு வருஷமா அந்தப் பொஸ்தகத்தப் பிடிச்சுக்கினு நிக்கறேன். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நான் போயி அங்க குந்துனா பாஸ் பண்ணிடுவேன். ஒங்களுக்கு இன்னா வந்துச்சு? சொல்லித் தொலைங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

"அங்க மூணு பேரு உக்காந்துக்கினு இருந்தாங்க," என்றான் ஜெயகரன். "நடுவுல இருந்தவரு வாட்டர் கேஜ்ல தண்ணி தெரியலன்னா இன்னா பண்ணுவேன்னாரு. எனக்குத் தெரியும். நெருப்ப மொதல்ல இழுத்துக் கொட்டணும், தண்ணி விடவே கூடாது. ஒனக்குத் தெரியுது, எனக்குத் தெரியாதா? ஆனா வாயில இருந்து 'தண்ணி விடுவேன் சார்'னு வந்துடுச்சு. மூணு பேரும் சிரிச்சாங்க. பாய்லரு வெடிச்சு நீயும் போவ, ஊரும் போவும்னாரு ஒருத்தரு. வெளிய வரிசையில இருந்தவனுங்களும் சிரிச்சானுங்க. அப்புறம் கேட்ட எதுவும் காதுல ஏறல."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் துணியைப் பிடித்து இறக்கினாள்.

"இதுக்கா? இதுக்கா ஒரு வருஷமா இந்தக் கேள்வி கேட்டா ஓடறீங்க?"

"ஒனக்கு இது சின்ன விஷயம்."

"சின்ன விஷயந்தான்! மூணு பேரு சிரிச்சா செத்தா போயிடுவாங்க? எங்க கம்பெனில ஒரு ஜோடி தப்பா பாஸ் பண்ணிட்டா சூப்பர்வைசர் நூறு பொம்பளைங்க எதுர்ல தூக்கி மூஞ்சில அடிக்கறான். மறுநாளு போயி அதே ஸ்டூல்ல குந்தறேன். ஒங்களாட்டம் மோட்டார் காரு புடிச்சுக்கினா அழுவறேன்?"

அவன் அவளைப் பார்க்காமல் மூலையில் நின்ற வண்டியைப் பார்த்துச் சொன்னான்:

"அது நான் சொல்றதக் கேக்குது மலரு. ஒரு நூலு திருப்புனா ஒரு நூலு மாறுது. எவனும் கேள்வி கேக்கறதில்ல."

அவளுக்கு அந்த வண்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று இருந்தது. அதே சமயம் அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று. சோற்றைத் தட்டில் போட்டு, சத்தம் வர அவன் முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கே தோல் காயப்போடும் களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மரச்சட்டங்களில் அடித்துக் காயவைத்திருந்த தோலையெல்லாம் ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். காலி டின்களை வைத்து வளைவு வளைவாகப் பாதை. ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் போகிற வாய்க்கால். நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்; உள்ளூர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஷிஃப்ட் முடித்த இருநூறு பேர் சுற்றி நின்றார்கள். பொன்மலர் சௌந்தரத்தோடு பின்னால் ஒரு மரச்சட்டத்தின் மேல் ஏறி நின்றாள்.

நிசார் அஹமது அம்பாசிடரில் வந்து இறங்கினார். குள்ளம், பருமன், வாய் நிறைய வெற்றிலை. அவருடைய மஞ்சள் வண்டியைத் தூக்கிக்கொண்டு ராமமூர்த்தி என்ற இன்ஜினீயர் வந்தார். மெட்ராஸில் படித்தவர், பந்தயத்துக்காகவே வரவழைத்திருந்தார்கள்.

கஃபார் முதலாளி தன் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். சிவப்பு வண்டி அடங்கி நின்றது. நிசார் அஹமது அவருடைய சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான். சிவப்பு வண்டி பேய் பிடித்ததுபோல் சுழன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஜனம் கத்திக்கொண்டு சிதறியது. மஞ்சள் வண்டி பின்னாலேயே போய் ஒரு டின்னில் முட்டிக் கவிழ்ந்து, சக்கரம் மட்டும் உறுமிக்கொண்டு கிடந்தது.

"இது இன்னா வேலை கஃபார் பாய்?" என்று நிசார் அஹமது கத்தினார். "என் வண்டிய ஒங்க ஆளு கெடுக்கறான்! ஒங்க பொட்டில ஏதோ வெச்சிருக்கான்."

"ஒங்க வண்டிதான் என் வண்டியக் கெடுக்குது!"

சம்பந்திகள் இருவரும் உருதுவில் இறங்கிவிட்டார்கள். ராமமூர்த்தி வேகமாக ஜெயகரன் முன்னால் வந்து நின்றார்.

"இந்த செட்டுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். ரெண்டு பொட்டியையும் மொதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். ஏன் உங்க வண்டி எங்க சிக்னலுக்கு ஓடுது?"

"ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கினாங்க சார். சிக்னல் எந்த ஸ்டேஷன்ல போவணும்னு முடிவு பண்ற கிரிஸ்டல் ரெண்டுலயும் ஒண்ணுதான் போட்டு வந்திருக்குது. சிலோன் ஸ்டேஷனும் மெட்ராஸ் ஸ்டேஷனும் ரேடியோவுல ஒரே எடத்துல வந்தா எப்டி இருக்கும்? ரெண்டு பாட்டும் கலந்துதான கேக்கும்? வண்டிக்கு அதான் ஆவுது. யாரு சொல்றதக் கேக்கறதுன்னு அதுக்குத் தெரியல."

"ஒரே கிரிஸ்டல்னு எப்படிச் சொல்றீங்க?"

"இதோ பாருங்க. ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் ஏரியல்ல ஒரு கலர் கொடி. இதுவும் செவப்புக் கொடி, ஒங்களதும் செவப்புக் கொடி."

"சரி. அப்ப பொட்டியில மட்டும் மாத்தினா போதுமா?"

"போதாது சார். வண்டியிலயும் மாத்தணும். சொல்றவன் தெலுங்குல சொன்னா, கேக்கறவனுக்கும் தெலுங்கு தெரியணுமில்ல?"

கூட்டம் சிரித்தது. ஜெயகரனும் சிரித்தான். இருநூறு பேர் சுற்றி நிற்பது அவனுக்கு நினைவே இல்லை. ராமமூர்த்தி விடவில்லை. மாற்றினால் தூரம் குறையுமா, ஏரியலை நீட்ட வேண்டுமா, மோட்டார் தீப்பொறியால் சிக்னல் கெடாதா என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஜெயகரன் கையால் திருகிக்கொண்டே பதில் சொன்னான். பெட்டியோடு வந்திருந்த மஞ்சள் கொடி கிரிஸ்டல் ஜோடியை எடுத்து, ஒன்றை முதலாளி பெட்டியிலும் ஒன்றை வண்டியிலும் மாட்டினான். இரண்டு சுவிட்சையும் போட்டார்கள். வண்டிகள் அவரவர் எஜமானுக்கு மட்டும் அசைந்தன.

"கரெக்ட்," என்றார் ராமமூர்த்தி. "எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கல சார்."

மரச்சட்டத்தின் மேல் நின்ற பொன்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியா இந்தாளு வாய?" என்றாள் சௌந்தரத்திடம். "இம்மாம் பேருக்கு நடுவுல எப்டி வெளாசறாரு பாரு. அங்க போனா மட்டும் பூட்டிக்குதாம்."

பந்தயம் பத்துச் சுற்று. சிவப்பு வண்டி சொன்னபடி கேட்டது. நேர்பாதையில் மஞ்சள் வண்டி முந்தும். வளைவில் வழுக்கிக்கொண்டு அகலப் போகும். சிவப்பு வண்டி டின்னை ஒட்டி வளைந்து முன்னால் வந்துவிடும். ஏழாவது சுற்றில் பாதிக் களம் முன்னால் இருந்தது. தொழிலாளிகள் விசிலடித்தார்கள். எட்டாவது சுற்றில் கஃபார் முதலாளி, இருபது வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தபடி, சம்பந்தியின் முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். விரல் மட்டும் அழுத்தியபடியே இருந்தது.

வண்டி நேராகப் போய்ச் சுண்ணாம்பு வாய்க்காலில் விழுந்தது.

மஞ்சள் வண்டி தனியாக மீதிச் சுற்றை ஓடி முடித்தது. நிசார் அஹமது வெற்றிலையைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னாடா செட்டிங் பண்ண நீ!" என்று கஃபார் முதலாளி ஜெயகரனைப் பார்த்துக் கத்தினார். "பிரேக் எங்கடா பிடிக்குது? ஒண்ணர மாசமா இன்னா கிழிச்ச?"

ஜெயகரன் கையை முழங்கை வரை வாய்க்காலில் விட்டு வண்டியை எடுத்தான். அதிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. ஒன்றரை மாதம் எண்ணெய் கலந்து, டயர் சீவி, நூல் நூலாகத் திருப்பிய வண்டி. அவனுக்கு வந்த கோபத்தில் எதிரில் நிற்பது யார் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"செட்டிங் சரியாத்தான் இருந்துச்சு மொதலாளி. நீங்க வண்டியப் பாக்காம சம்பந்தி மூஞ்சியப் பாத்தீங்க. வண்டி இன்னா பண்ணும்?"

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். முதலாளியின் காது சிவந்தது. அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு ரேஸ். திங்கக்கெழம காலையில. இவன் நாளைக்கு ஒக்காந்து கழுவி ரெடி பண்ணிடுவான்."

"திங்கக்கெழம நான் ரெடி," என்றார் நிசார் அஹமது.

எல்லோரும் ஜெயகரனைப் பார்த்தார்கள். பொன்மலர் மரச்சட்டத்திலிருந்து இறங்கிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். என்ன கத்த வேண்டும் என்பது நாக்கு நுனியில் இருந்தது. அவன் மறுபடியும் தலையாட்டப் போகிறான் என்றே நினைத்தாள். அவன் கையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"திங்கக்கெழம நான் இல்ல மொதலாளி," என்றான். "மெட்ராஸ் போறேன். பரீட்ச."

"அப்ப வண்டி?"

"வந்துதான் பாக்கணும்."

"போ," என்றார் முதலாளி. "போயிட்டு வா. வந்து பேசிக்கலாம்."

அது அனுமதியா மிரட்டலா என்று ஜெயகரனுக்கும் பொன்மலருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மத்தியான ரயிலில் ஏறிய பிறகும் தெரியவில்லை.

வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டாள். காட்பாடியில் கேட்டாள், அரக்கோணத்தில் கேட்டாள். பெரம்பூரில் தன் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே வந்தான். ஆபீஸ் வாசலில் அவள் மறுபடி ஆரம்பித்ததும் வெடித்தான்.

"அடச்சீ, விடு! எத்தினி வாட்டிதான் கேப்ப? எல்லாம் தெரியுது எனக்கு!"

அதே கடுகடுப்போடு உள்ளே போனான். நாற்பது நிமிடம் அவள் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை. வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னா கேட்டாங்க?"

"ஃபீட் பம்பு நின்னு போச்சு, இன்னா பண்ணுவேன்னாரு நடுவுல இருந்தவரு. ரெண்டாவது பம்ப ஓட்டுவேன்னேன். ரெண்டாவதும் ரிப்பேருன்னா? ரெண்டாவது ரிப்பேர்ல இருக்கறப்ப நான் ஏன் சார் பாய்லரப் பத்தவெக்கப் போறேன்னு கேட்டேன்."

"ஆபீசரையா அப்டிக் கேட்டீங்க?"

"ஒம்மேல இருந்த எரிச்சல்ல வந்துடுச்சு. சிரிச்சாங்க."

"ஐயோ."

"நானும் சிரிச்சேன்," என்றான். "அப்புறம் இன்னும் பத்துக் கேள்வி. வா, எங்கனா காப்பி குடிக்கலாம். தல வலிக்குது."

சர்டிபிகேட் ஜூன் இருபதாம் தேதி தபாலில் வந்தது. அதுவரை முதலாளி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சர்டிபிகேட் உள்ள ஆள் இல்லாமல் பாய்லரைப் பற்றவைத்தால் இன்ஸ்பெக்டர் வந்து சீல் வைத்துவிடுவார். முதலாளி ராணிப்பேட்டையிலிருந்து வரச்சொல்லியிருந்த ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தான். ஜூலை ஒன்றாம் தேதி ஜெயகரன் பாய்லர் ரூமில் கோதண்டபாணியின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

இரண்டாவது வாரம், மத்தியான ஷிஃப்ட் இடைவேளையில் பொன்மலர் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பாய்லர் ரூம் கதவைத் தள்ளியதும் அனல் முகத்தில் அடித்தது. ஜெயகரன் கேஜ் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டடி தள்ளி, வெள்ளை ஜிப்பா வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ள, கையில் சிவப்பு வண்டியோடு கஃபார் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நீயாவது சொல்லும்மா," என்றார் அவளைப் பார்த்ததும். "வெள்ளிக்கெழம மறுபடியும் ரேசுக்கு நிசார் பாய் வர்றாரு. எடது பக்கமா இழுக்குது இது. வெளிய களத்துக்கு வந்து ரெண்டே நிமிஷம் ஓட்டிப் பாருடான்னா, மாட்டேங்கறான்."

"நெருப்பு எரியறப்ப பாய்லர விட்டு எந்திரிக்கக் கூடாது மொதலாளி," என்றான் ஜெயகரன். கண்ணைக் கேஜிலிருந்து எடுக்கவில்லை. "சட்டம். சர்டிபிகேட்டப் பிடுங்கிடுவாங்க."

"கேட்டியா?" என்றார் முதலாளி அவளிடம்.

பொன்மலர் கேரியரைத் திறந்து, சோற்றையும் கத்திரிக்காய்க் குழம்பையும் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

"கேட்டேன் மொதலாளி," என்றாள்.

"நெருப்ப எப்பத்தான்டா அணைப்ப?"

"அஞ்சரைக்கு மொதலாளி."

கஃபார் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. வாசலில் நின்று சிரித்த விறகுக்காரனை முறைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலிப் பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு, வண்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தார்.